ஸ்கூல் வேன் காப்புறுதி: பிள்ளைக்கு அடிபட்டால் எந்தக் காகிதம் காசு தரும்?

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, பிள்ளையை ஸ்கூல் வேனில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான்: மாதம் எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும், ஏ.சி. போடுவார்களா. இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கும் ஒருசிலரும் "புல் இன்சூரன்ஸ்தான் அக்கா, பயப்படாதீங்க" என்ற பதிலோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அடிபட்ட பிள்ளையைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் அதிகம் ஒன்றும் இல்லை.

ஒரு வேனைச் சுற்றி இருக்கக்கூடிய காப்புறுதிகளை, விபத்துக்குப் பிறகு பிள்ளைக்கு அவை எவ்வளவு பயன்படும் என்ற ஒரே அளவுகோலால் இங்கே பார்க்கிறோம். கம்பனிகளை ஒப்பிடவில்லை. கொழும்பில் விற்கப்படும் மோட்டார் பாலிசிகளின் வாசகம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான். வேன்காரர் எந்த வகையில், எந்தப் பாவனைக்கு என்று சொல்லிப் போட்டிருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாந்தரப்பு: மலிவு, ஆனால் பெரிய காசு இங்கேதான்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்புறுதி, இல்லாமல் எந்த வாகனமும் வீதிக்கு வர முடியாது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் அது வேண்டும். விலை குறைவு என்பதால் "சும்மா லைசன்ஸுக்குப் போட்ட இன்சூரன்ஸ்" என்று இதை இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். வேனின் பம்பருக்கு அது சரியான கணிப்பு. பிள்ளையின் காலுக்கு அல்ல. பொதுவாக விற்கப்படும் பாலிசிகளில் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் தொகை உச்சவரம்பு இருக்காது. மற்றவர் வாகனத்துக்கோ மதிலுக்கோ ஏற்படும் சேதத்துக்குத்தான் வரம்பு எழுதியிருப்பார்கள்.

புல் இன்சூரன்ஸ் என்பது இதே மூன்றாந்தரப்புப் பகுதியோடு வேனின் சொந்தச் சேதத்தையும் சேர்த்தது. கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தின் பெரும்பங்கு தகரத்துக்கும் கண்ணாடிக்கும் போகிறது. லீசிங்கில் இருக்கும் வேனுக்கு லீசிங் கம்பனி கட்டாயப்படுத்துவதால் புல் இருக்கும். லீசிங் முடிந்த பழைய டொல்பின் வேன் மூன்றாந்தரப்போடு ஓடும். இந்த ஒன்றை மட்டும் வைத்து முதலாவது வேன் பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாந்தரப்பின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பு, கூலிக்கு ஆள் ஏற்றும் வாகனம் என்றால் உள்ளே இருக்கும் பயணிகளையும் ஏறி இறங்குபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். சொந்தப் பாவனை வாகனம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. மாதக் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் கூலிக்கு ஓடும் வேன். பிரீமியம் குறையும் என்பதற்காக அதையே "பிரைவேட்" என்று எழுதிப் போட்டிருந்தால், விபத்தன்று கம்பனி முதலில் கையில் எடுக்கும் வாதம் அதுதான்.

ஆகவே காப்புறுதிச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். வேன்காரர் பெரும்பாலும் அதை முன் சீட்டுக்கு மேலுள்ள மறைப்பிலோ டாஷ்போர்ட் பெட்டியிலோ வைத்திருப்பார். கம்பனியின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 4 இடங்களைப் பாருங்கள். பாவனை என்ற வரியில் "ஹயரிங்" என்றோ பாடசாலைப் போக்குவரத்து என்றோ இருக்க வேண்டும். காப்புறுதிக் காலம் இன்றைய திகதியைத் தாண்ட வேண்டும். கவர் நோட் என்றால் அது தற்காலிகமானது, எந்தத் திகதியோடு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆசன எண்ணிக்கை பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, காப்புறுதி எடுத்தவரின் பெயர்.

இந்தப் பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் வழக்குகள் சிக்குவது இங்கேதான். வேன் "ஓபன் பேப்பரில்", அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, கைமாறியிருக்கும். பதிவில் ஒருவர், பாலிசியில் இன்னொருவர், ஓட்டுவது மூன்றாமவர். உரிமையாளர் என்று யார்மேல் வழக்குப் போடுவது, சாரதி யாருடைய வேலையாள், பாலிசி யாருடைய பொறுப்பைக் காக்கிறது என்ற 3 கேள்விக்கும் 3 பதில் வந்துவிடும். ஓபன் பேப்பர் வேன் என்று தெரிந்தால் வேறு வேன் தேடுவதே எங்கள் சிபாரிசு. வேன் அங்கிள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

வேனில் பிள்ளைகளை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலோ சாரதியின் அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருந்தாலோ என்ன நடக்கும் என்று பலர் கேட்பார்கள். பாலிசிகளில் வழமையாக உள்ள மீட்பு வாசகத்தின்படி, சட்டத்தால் கட்ட வேண்டி வந்த தொகையைக் கம்பனி கட்டிவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து திரும்ப அறவிடலாம். நிபந்தனை மீறல் பெரிதும் வேன்காரரின் தலைவலி. ஆனால் அதைக் காரணம் காட்டிக் கம்பனி இழுத்தடிக்கும். காத்திருப்பது பிள்ளையின் குடும்பம்.

காசு வரும் வழி

இலங்கையில் அடிபட்டவர் காப்புறுதிக் கம்பனியின் கவுண்டருக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் காசு வாங்கும் முறை மூன்றாந்தரப்பில் இல்லை. கம்பனி தானாக முன்வந்து சமரசம் பேசினால் அது வேறு. முறையான வழி, மாவட்ட நீதிமன்றத்தில் சாரதிமீதும் உரிமையாளர்மீதும் நட்டஈட்டு வழக்குப் போடுவது. பிள்ளை பராயமடையாததால் அதன் சார்பில் தாயோ தந்தையோ நீதிமன்ற அனுமதியோடு வழக்கை நடத்துவார். வேலையாளின் கவனயீனத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதால் உரிமையாளரை விட்டுவிடக் கூடாது. தீர்ப்பு கிடைத்த பிறகு அந்தத் தொகையைக் கம்பனி கட்ட வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்குத் தொடங்குவதற்கு முன்போ தொடங்கி 7 நாளுக்குள்ளோ கம்பனிக்கு அந்த வழக்குப் பற்றிய அறிவித்தல் போயிருக்க வேண்டும். அது போகாவிட்டால் தீர்ப்பு கையில் இருந்தும் கம்பனியைக் கட்ட வைக்க முடியாது. வேன்காரரிடம் வேனைத் தவிர வேறு சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் தாள். அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் வழக்குக் கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். விபத்து வழக்குகளில் பழக்கமில்லாத சட்டத்தரணி தவறவிடக்கூடிய படி இது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்பனியின் பெயரும் பாலிசி இலக்கமும் இல்லாமல் இந்த அறிவித்தலை அனுப்ப முடியாது. முதல் நாளே பொலிஸ் முறைப்பாட்டில் அவற்றை எழுத வையுங்கள். சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சலும் இல்லை.

தவறை நிரூபிக்க வேண்டும் என்பது இந்தக் காப்பின் அடுத்த குறை. டயர் வெடித்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று வேன்காரர் சொன்னால் மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை முக்கியமாகிறது. கோளாறு விபத்துக்கு முன்பே இருந்ததா, மோதியதால் வந்ததா என்று அதில் எழுதியிருக்கும். முன்பே இருந்ததென்றால் பராமரிக்காத உரிமையாளர்மேல் பழி உறுதியாகும். பரிசோதனை முடியும் முன் வேனைக் கராஜுக்குக் கொண்டுபோக விட்டால் அந்தச் சான்று போய்விடும்.

பெரிய மோதல்கள்தான் செய்தியில் வருகின்றன. ஸ்கூல் வேனைச் சுற்றி வேறு விதமான விபத்துகளும் உண்டு: தள்ளு கதவு பூட்ட முன் வேன் நகர்வது, புத்தகப் பையின் பட்டி கதவில் சிக்குவது, ஒழுங்கைக்குள் பின்னெடுக்கும்போது இறங்கிய பிள்ளை பின்னால் நிற்பது, வேனுக்கு முன்னால் வீதியைக் கடப்பது. கடைசியானதைச் சற்றுப் பாருங்கள். வேன் இடப்பக்கம் நிற்கிறது, வீடு எதிர்ப்பக்கம். பிள்ளை வேனின் மூக்கைச் சுற்றி வெளியே வர, முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் அடிக்கிறது. எல்லோரும் சைக்கிள்காரரைப் பிடிப்பார்கள். ஆனால் பிள்ளையைக் கையைப் பிடித்து மறுபக்கம் விடாத உதவியாளரும், அவரை வைத்திருக்கும் வேன்காரரும் சேர்ந்தே பொறுப்பாகலாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பலர் சேர்ந்து செய்த தவறில் பொறுப்பைப் பங்கிட இடம் தருகிறது. இரண்டு வாகனத்தின் கம்பனிக்கும் அறிவித்தல் போக வேண்டும். "பிள்ளை பாய்ந்தது" என்ற வாதமும் வரும். ஆனால் 6 வயதுப் பிள்ளையிடம் பெரியவரின் நிதானத்தை நீதிமன்றம் எதிர்பார்க்காது. இறக்கிவிடும் வேலையைக் காசுக்குச் செய்பவரிடம் எதிர்பார்க்கும்.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் அடையாளம் தெரியாமல் போனால் வீதிப் பாதுகாப்பு தேசிய சபையின் நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொகை சிறியது. ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் அதை விடக் கூடாது.

விபத்து நலன்: சின்னத் தொகை, விரைவான கை

புல் பாலிசியோடு மேலதிகமாக எடுக்கக்கூடிய தனிநபர் விபத்து நலன் ஒன்று உண்டு. சாரதிக்கும் பயணிகளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதப்பட்டது. யார் தவறு என்ற கேள்வி இல்லை. மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர ஊனம் என்று அட்டவணைப்படி கொடுப்பார்கள். இழுபறி இல்லாமல் வருவது இதன் நல்ல பக்கம்.

குறைகளும் உண்டு. சாதாரண எலும்பு முறிவுக்கு அட்டவணையில் இடம் இல்லாமலே போகலாம். சாரதிக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பயணிகளுக்கும் இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. பாலிசி அட்டவணையில் பயணிகள் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 14 ஆசனத்துக்கு எடுத்து 22 பிள்ளைகளை ஏற்றினால் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே சண்டை வரும். ஆசனத்துக்கு ஆசனம் சேர்க்க ஆகும் மேலதிகப் பிரீமியத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் பெரிதாக ஒன்றும் வராது. வேன் பெற்றோர் சேர்ந்து கட்டிக்கொடுத்தாலும் தகும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சுரக்ஷா

2017இல் அரசு தொடங்கிய மாணவர் காப்புறுதி, இடையில் நின்று மீண்டும் வந்தது. வைத்தியசாலைச் செலவு, விபத்து ஊனம் போன்றவற்றுக்கு இதில் இடமுண்டு. வேன்காரரின் தவறையோ பொலிஸ் வழக்கின் முடிவையோ பார்த்து நிற்காது. தொகை பெரிதல்ல. ஆனால் முதலில் கைக்கு வரக்கூடியது இதுதான். பாடசாலையின் உறுதிப்படுத்தல் தேவைப்படும் என்பதால் விபத்தை அதிபருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை எடுத்தால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காகிதங்கள் கெடும் இடம்

பொரளை சிறுவர் வைத்தியசாலையோ தேசிய வைத்தியசாலையோ, பிள்ளையை முதலில் கொண்டு போவது பெரும்பாலும் வேன்காரர் அல்லது உதவியாளர். என்ன நடந்தது என்று வைத்தியர் கேட்கிறார். பதற்றத்திலோ பயத்திலோ "விழுந்துட்டார்" என்று சொல்கிறார்கள். அனுமதிக் குறிப்பில் விழுந்ததாகப் பதிவாகிறது, வேன் காணாமல் போய்விடுகிறது. பின்னாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒற்றை வரியை வாசித்துக் காட்டுவார். போய்ச் சேர்ந்தவுடன் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, எந்த வாகனம், எங்கே, எப்படி என்பதைத் திருத்தச் சொல்லுங்கள். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணிலும் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடக்க அதுவே வழி. தனியார் வைத்தியசாலைக்கு நேரே போனவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். காயம் "பாரதூரமான காயம்" என்ற வகையில் வருகிறதா என்பது அந்த அறிக்கையில்தான் தீர்மானமாகும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் பில் இல்லையே, எதைக் கேட்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நட்டஈட்டின் நடுப்பகுதி பில் அல்ல. நோவும் வேதனையும், தழும்பு, விளையாட முடியாமல் போனது, இனி வேண்டிவரும் சத்திரசிகிச்சை, எதிர்கால உழைப்புத் திறன் குறைவு ஆகியவை தனித்தனித் தலைப்புகள். வெளியே எடுத்த ஸ்கேன், பிசியோதெரபி, முச்சக்கரவண்டிக் காசு, தாய் வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டும் கடிதமும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வைத்தியசாலையிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி போதும். காலி வீதிக் கடைகளின் கமரா பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடும். பொலிஸ் மூலம் உடனே கேட்க வேண்டும்.

நீதவான் நீதிமன்ற வழக்கும் நட்டஈட்டு வழக்கும் வேறு வேறு. கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அந்தக் காசு அரசுக்குப் போகும். நட்டஈடு கொடுக்குமாறு நீதவான் உத்தரவிடலாம், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வைத்துக்கொண்டால் மாவட்ட நீதிமன்றத்தில் உதவும்.

பொலிஸில் வைத்துச் சமாதானம் பேசி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. எலும்பு பொருந்தும் முன் அந்தத் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தால் பிள்ளையின் சார்பிலான சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இதில் வேன்காரருக்கும் ஒரு பொறி இருக்கிறது. கம்பனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ காசு தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. நல்ல மனதோடு "எல்லாச் செலவும் நான் பார்க்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் கம்பனிக்கு அவரே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பிள்ளை இறந்துபோன வழக்குகளில் சட்டம் நீண்ட காலம் கடுமையாக இருந்தது. பிள்ளையின் அன்பும் துணையும் இழந்ததற்குப் பெற்றோர் நட்டஈடு கோர முடியாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவக் கவனயீன வழக்கில் தீர்த்தது. ஈமச்செலவு போன்ற பண இழப்பைத் தாண்டிக் கேட்க வழியில்லாமல் இருந்தது. ஒருவரின் மரணத்துக்கான நட்டஈடு பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. பழைய தீர்ப்பைக் காட்டிக் குறைத்துப் பேச வருபவரிடம் இந்த ஆண்டையும் இலக்கத்தையும் சொல்லுங்கள்.

பாடசாலையின் சொந்த பஸ் என்றால் எதிராளி பாடசாலை நிர்வாகம்; சாரதி அதன் ஊழியர். பெற்றோரே பேசிப் பிடித்த வேனுக்குப் பாடசாலையை இழுப்பது கடினம், வாசலுக்குள் நடந்த விபத்தைத் தவிர. அரச பாடசாலையின் தவறும் சேர்ந்திருந்து சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்க வேண்டி வந்தால், வழக்குக்கு ஒரு மாதம் முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். மாணவருக்கான சிசு செரிய பஸ் சேவையில் இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் எதிராளி சபை. அங்கே ஓபன் பேப்பர் தலைவலி கிடையாது. அதுவே அந்தச் சேவைக்கு ஒரு கூடுதல் புள்ளி.

காலக்கெடு: தவறால் வந்த சேதத்துக்கான வழக்கை 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பராயமடையாத பிள்ளையின் சொந்தக் கோரிக்கைக்கு அந்தக் காலம் ஓடாது என்று காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெற்றோர் தங்கள் கையால் செலவழித்ததற்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே 2 ஆண்டையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், வேனின் காப்புறுதிச் சான்றிதழ்ப் படம் ஆகியவற்றோடு போனால் இரண்டாவது தடவை அலைய வேண்டியிராது.